இலண்டன் மாநகரின் நீர்க் கொம்பனிகள்

வளவுக்கு ஒரு கிணறு என்று வாழ்ந்து பழகிய மக்களுக்கு, குடிக்கும் நீரை ஒரு கொம்பனியிடம் விலைக்கு வாங்குவது முதலில் விசித்திரமாகவே தோன்றும். ஆனால் பல இலட்சம் மக்கள் நெருங்கி வாழும் நகரத்தில், கிணறுகள் அசுத்தமடைந்து ஊற்றுக்கள் வற்றிய பின்னர், எங்கோ தொலைவிலிருந்து யாராவது நீரைக் கொண்டுவந்தே ஆகவேண்டும். அதைக் கொண்டுவருகிறவர் பிறருடைய வயல்களை ஊடறுத்து வாய்க்கால் வெட்டவேண்டும். பொது வீதிகளைக் கிண்டிக் குழாய் புதைக்கவேண்டும். எல்லோருக்கும் உரிய ஆற்றிலிருந்து நீரை மொள்ளவேண்டும். கையிற் பணம் இருந்தால் மட்டும் இவற்றைச் செய்துவிட முடியாது. அரசின் சொல் வேண்டும். அந்தச் சொல் ஒரு காலத்தில் அரசனின் பட்டயமாக இருந்தது; பின்னர் பாராளுமன்றச் சட்டமாயிற்று; பிற்காலத்தில் அனுமதிப் பத்திரம் என்ற பெயரைப் பெற்றது. பெயர் எதுவாயினும் கேள்வி ஒன்றுதான். இத்தனை பெரிய உரிமையைக் கொடுக்கும் அரசு, அதற்கு ஈடாகக் கொம்பனியிடம் எதைக் கேட்டுப் பெறுகிறது? இலண்டன் மாநகரம் இக்கேள்விக்கு விடை காண ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இடையில் அது கொடுத்த விலை சிறிதன்று.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் நகரின் நீர்த்தேவையை நிறைவேற்றியவை பழைய ஊற்றுக் குழாய்களும், தேம்ஸ் நதியும், தோளிலே குடம் சுமந்து வீடு வீடாக விற்ற நீர் சுமப்போருமே. இலண்டன் பாலத்தின் வளைவுகளுக்கிடையே ஆற்றோட்டத்தாற் சுழலும் சக்கரங்களை அமைத்து நீரை மேலேற்றும் வேலை 1580-களிலேயே தொடங்கியிருந்தது. அது போதவில்லை. ஹேர்ட்ஃபோட்சயரில் வெயார் என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள சட்வெல், அம்வெல் ஆகிய ஊற்றுக்களின் நன்னீரை நகருக்குக் கொண்டுவரலாம் என எட்மண்ட் கோல்தர்ஸ்ட் என்பவர் எண்ணி, 1604-ஆம் ஆண்டில் முதலாம் ஜேம்ஸ் மன்னனிடம் உரிமை பெற்றார். 1606-இலும் 1607-இலும் பாராளுமன்றம் இதற்கெனச் சட்டங்கள் செய்தது. வேலையோ பணமின்றித் தடைப்பட்டது. 1609-இல் வேல்ஸ் நாட்டுப் பொற்கொல்லரும் வணிகருமான ஹியூ மிடில்டன் அதனைப் பொறுப்பேற்றார்.

வாய்க்கால் தங்கள் நிலங்களைச் சதுப்பாக்கிவிடும் என நிலக்கிழார்கள் எதிர்த்தார்கள். வேலை நின்றது. மிடில்டன் மன்னனையே நாடினார். 1612-இல் ஜேம்ஸ் மன்னன் செலவிற் பாதியைத் தான் ஏற்பதாகவும், இலாபத்திற் பாதி தனக்கு வரவேண்டும் எனவும் உடன்பட்டான். அதன் பின்பு எதிர்ப்பு அடங்கிவிட்டது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நிலத்தின் மேடு பள்ளங்களை அனுசரித்து வளைந்து வளைந்து 38 மைல் ஓடிய அந்த வாய்க்கால், தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஏறக்குறைய 18 அடியே இறங்கியது. நீரோட்டத்திற்கு வேண்டிய சரிவை இயந்திரம் எதுவுமின்றிக் கணித்து வெட்டிய அவ்வேலை, இன்றைய பொறியியலாளரும் வியக்கத்தக்கது. 1613-ஆம் ஆண்டு செப்டெம்பர் 29-ஆம் நாள் கிளார்க்கன்வெல்லிலுள்ள தேக்கத்தில் அந்நீர் வந்து விழுந்தது. அதே நாளில் மிடில்டனின் தமையனார் தோமஸ் இலண்டன் நகர பிதாவாகத் தெரிவு செய்யப்பட்டார். புத்தாறு என அழைக்கப்பட்ட அவ்வாய்க்காலை நடத்தியவர்களுக்கு 1619-இல் அரச பட்டயம் கிடைத்தது. புத்தாற்றுக் கொம்பனி பிறந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். உரிமை வழங்கியவனும் மன்னன். இலாபத்திற் பாதிப் பங்குடையவனும் மன்னன். கொம்பனி மக்களிடம் அதிகப் பணம் கேட்டால், தட்டிக் கேட்கவேண்டியவனுக்கே அதிற் பாதி போய்ச் சேரும். நல்ல வேளையாகவோ தீய வேளையாகவோ, தொடக்க ஆண்டுகளில் இலாபம் மிகவும் அற்பமாயிருந்தது. சலித்துப்போன முதலாம் சாள்ஸ் மன்னன் 1631-இல் அரச பங்கை ஆண்டுக்கு 500 பவுண் என்ற நிலையான தொகைக்கு விட்டுக்கொடுத்துவிட்டான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கொம்பனியின் ஒவ்வொரு பங்கும் ஒரு பெருஞ்செல்வனின் சொத்தாக மதிக்கப்பட்டது. அரசன் செய்த வியாபாரங்களுள் இது சிறந்ததன்று.

அந்தப் பழைய சட்டங்களிலும் பட்டயங்களிலும் எழுதப்பட்டிருந்தவை எவை? எங்கே வெட்டலாம், எவருக்கு நட்டஈடு கொடுக்கவேண்டும், வாய்க்காலை அசுத்தப்படுத்துவோரை எவ்வாறு தண்டிக்கலாம் என்பன. எழுதப்படாதவை எவை? நீர் எவ்வளவு தூய்மையாயிருக்கவேண்டும், எத்தனை மணி நேரம் வரவேண்டும், என்ன விலைக்கு விற்கலாம், கேட்டவர் எல்லோருக்கும் கொடுக்கவேண்டுமா என்பன. குழாய் நீர் அன்று வசதி படைத்தோரின் சௌகரியம். ஏழைக்குப் பொதுக் கிணறும் ஆறும் இருந்தன. ஆகவே இக்குறை அன்று எவருக்கும் குறையாகத் தோன்றவில்லை. நகரம் வளர்ந்து, கிணறுகள் மூடப்பட்டு, குழாயைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை வந்தபோதும் அனுமதியின் வாசகம் மாறாமலே இருந்ததுதான் பின்னர் வந்த துன்பங்களுக்கெல்லாம் வித்து.

1723-இல் செல்சி, 1785-இல் லாம்பெத் எனப் புதிய கொம்பனிகள் தோன்றின. நீராவி இயந்திரமும் வார்ப்பிரும்புக் குழாயும் வந்த பின்னர், 1806-க்கும் 1811-க்கும் இடையில் மேற்கு மிடில்செக்ஸ், கிழக்கு இலண்டன், கென்ட், கிராண்ட் ஜங்சன் ஆகியவற்றுக்குப் பாராளுமன்றம் அடுத்தடுத்து அனுமதி வழங்கியது. ஒரு கொம்பனி மக்களை வருத்தினால் மக்கள் மற்றொன்றை நாடுவர். போட்டியே நுகர்வோருக்குக் காவல் என்பது அன்றைய பிரபுக்களின் நம்பிக்கை. காய்கறிச் சந்தையில் இந்நம்பிக்கை பொய்ப்பதில்லை. குழாயில் அது பொய்த்தது. ஒரே வீதியில் இரண்டு கொம்பனிகள், சில இடங்களில் மூன்று, தத்தம் குழாய்களைப் புதைத்தன. ஒருவர் மூடிய வீதியை மற்றவர் கிண்டினார். ஒருவருடைய வாடிக்கையாளரை மற்றவர் குறைந்த கட்டணம் காட்டி இழுத்தார். சில ஆண்டுகள் மக்களுக்குக் கொண்டாட்டமாகவே இருந்தது. ஆனால் ஒரே வீட்டுக்கு நீர் கொடுக்க இரண்டு குழாய்க்கும் இரண்டு இயந்திரத்துக்கும் போட்ட முதலை யாரோ ஒருவர் திருப்பிக் கொடுத்தாக வேண்டுமன்றோ? பங்குலாபம் மறைந்தது. 1817-இல், தேம்சுக்கு வடக்கேயிருந்த கொம்பனிகள் தமக்குள்ளே பேசி, நகரை எல்லை பிரித்துக்கொண்டன. தம்மைக் கேளாமலே தாம் வேறொரு கொம்பனியின் வாடிக்கையாளராகிவிட்டதை மக்கள் அறிந்தார்கள். கட்டணம் ஏறியது. மாறுவதற்கு மற்றொரு கொம்பனி அவ்வீதியில் இல்லை. 1821-இல் பாராளுமன்றக் குழுவொன்று விசாரித்தது, குறைகளைக் கண்டது, கலைந்தது.

எல்லை பிரிப்பு நதிக்குத் தெற்கே நிகழவில்லை. அங்கே கொம்பனிகள் ஒரே வீதிகளிலே தொடர்ந்து போட்டியிட்டன. அதனால் விளைந்த எதிர்பாராத பயன் ஒன்று பின்னர் வரும்.

விலையைப் பற்றிய முறைப்பாடு ஒருபுறமிருக்க, நீரைப் பற்றிய முறைப்பாடு 1827-இல் வெடித்தது. ஜோன் ரைட் என்பவர் ‘டொல்பின்’ என்ற பெயரில் ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். ஆற்றின் நடுவே நீரை உள்வாங்கும் அமைப்பிற்குத்தான் அன்று அப்பெயர். கிராண்ட் ஜங்சன் கொம்பனியின் டொல்பின், செல்சியில் ஒரு பெரிய கழிவுக் கால்வாய் தேம்சில் வந்து விழும் இடத்திற்கு அருகில் இருந்ததை அவர் அம்பலப்படுத்தினார். மேற்கு இலண்டனின் செல்வர்கள் தங்கள் மேசையிலிருந்த கண்ணாடிக் குவளைகளை ஐயத்துடன் பார்க்கத் தொடங்கினார்கள். 1828-இல் அரச ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. புகழ்பெற்ற பொறியியலாளர் தோமஸ் டெல்ஃபோட் அதன் உறுப்பினருள் ஒருவர். 1829-இல் செல்சிக் கொம்பனியின் பொறியியலாளர் ஜேம்ஸ் சிம்சன், மணற் படுக்கை வழியே நீரை மெல்ல வடியச் செய்து தூய்மைப்படுத்தும் வடிகட்டியை அமைத்து வெற்றி கண்டார். வழி இருந்தது; அதன் செலவும் தெரிந்திருந்தது. ஆயினும் பிற கொம்பனிகள் அவ்வழியைப் பின்பற்றவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் வர மேலும் 23 ஆண்டுகள் சென்றன. இதற்கிடையில் வாந்திபேதி இருமுறை வந்துபோயிற்று. 1849-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் மட்டும் இலண்டனில் ஏறக்குறைய 14,000 பேர் மாண்டனர்.

கொம்பனிகளை எல்லாம் ஒன்றுசேர்த்துப் பொது நிருவாகத்தின் கீழ்க் கொண்டுவரவேண்டும் என எட்வின் சட்விக்கின் பொதுச் சுகாதாரச் சபை 1850-இல் விதந்துரைத்தது. கொம்பனிகள் திரண்டெழுந்தன. பாராளுமன்றத்தில் அவற்றுக்கு நண்பர் பலர் இருந்தனர். முடிவில் 1852-இல் நிறைவேறியது ஒரு நடுவழிச் சட்டம். கொம்பனிகள் கொம்பனிகளாகவே இருக்கும். ஆனால் 1855-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-க்குப் பின்னர், கடல் வற்று ஏறியிறங்கும் தேம்சின் பகுதியிலிருந்து, அதாவது டெடிங்டன் மதகுக்குக் கீழிருந்து, வீட்டுப் பாவனைக்கு நீர் எடுக்கலாகாது. கொடுக்கும் நீர் வடிகட்டப்பட்டிருக்கவேண்டும். நகருக்கு அண்மையில் வடிகட்டிய நீரைத் தேக்கும் தேக்கங்கள் மூடப்பட்டிருக்கவேண்டும். நீர் விற்கும் உரிமைக்கு ஈடாக நீரின் தன்மையைப் பற்றி அரசு முதன்முறையாக இலண்டன் கொம்பனிகள் அனைத்திடமும் நிபந்தனை விதித்தது இப்பொழுதுதான். செலவு மிக்க வேலையாதலால் மூன்றாண்டு அவகாசம் கொடுக்கப்பட்டது. அது நியாயமாகவே தோன்றியது.

லாம்பெத் கொம்பனி அவகாசம் முடியும்வரை காத்திருக்கவில்லை. 1852-இலேயே அது தன் நீரெடுக்கும் இடத்தை மேலே தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றிவிட்டது. 1845-இல் ஒன்றிணைந்திருந்த சவுத்வார்க்–வொக்சோல் கொம்பனி, சட்டம் அளித்த நாட்களைப் பயன்படுத்திக்கொண்டு, பட்டர்சியில் நகரின் கழிவு கலந்த நீரையே தொடர்ந்து எடுத்தது. 1853-இல் வாந்திபேதி மீண்டும் தலைகாட்டியது. 1854-ஆம் ஆண்டு கோடையிற் கொழுந்துவிட்டெரிந்தது.

வைத்தியர் ஜோன் சினோ, இந்நோய் காற்றினாலன்றி அசுத்த நீரினாலேயே பரவுகிறது என்று 1849 முதல் கூறி வந்தவர். சக வைத்தியர் பலர் அதை ஏற்கவில்லை. தென் இலண்டனின் வரைபடத்தைப் பார்த்த அவருக்கு ஓர் உண்மை புலனாயிற்று. பழைய போட்டியின் எச்சமாக, அங்கே பல வீதிகளில் இரண்டு கொம்பனிகளின் குழாய்களும் அருகருகே ஓடின. ஒரு வீட்டில் லாம்பெத் நீர். அடுத்த வீட்டில் சவுத்வார்க்–வொக்சோல் நீர். பணக்காரன், ஏழை, பெரிய வீடு, சிறிய வீடு என்ற வேறுபாடு இல்லை. காற்று ஒன்று, தொழில் ஒன்று, தெரு ஒன்று. நீர் மட்டுமே வேறு. மூன்று இலட்சம் மக்கள் தம்மை அறியாமலே ஒரு பெரும் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டிருந்தார்கள்.

சினோ வீடு வீடாக நடந்தார். மரணம் நிகழ்ந்த வீட்டின் கதவைத் தட்டி, உங்களுக்கு நீர் தருவது எந்தக் கொம்பனி என்று கேட்டார். பலருக்கு விடை தெரியவில்லை. நீர்வரியைக் கட்டுபவர் வேறெங்கோ வாழ்ந்த வீட்டுச் சொந்தக்காரர், குடித்தவர் குடியிருந்தவர். பழைய பற்றுச்சீட்டைத் தேடி எடுக்க முடியாத வீடுகளில் சினோ ஒரு சிறு குப்பியில் அவ்வீட்டு நீரை எடுத்துச் சென்று வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைச் சேர்த்துப் பார்த்தார். கடலுப்பும் கழிவும் கலந்த கீழாற்று நீரில் வெண்படிவு அடர்த்தியாக விழுந்தது. டிட்டன் நீரில் மிகச் சிறிதே தோன்றியது. முதல் நான்கு வாரங்களில் அப்பகுதியில் இறந்த 334 பேரில் 286 பேர் சவுத்வார்க்–வொக்சோல் நீரைப் பெற்ற வீடுகளைச் சேர்ந்தவர்கள்; லாம்பெத் நீரைப் பெற்ற வீடுகளைச் சேர்ந்தவர்கள் 14 பேர் மட்டுமே. ஏழு வாரக் கணக்கை அவர் தொகுத்தபோது, முன்னைய கொம்பனி நீர் கொடுத்த 40,046 வீடுகளில் 1,263 மரணங்களும், பின்னைய கொம்பனி நீர் கொடுத்த 26,107 வீடுகளில் 98 மரணங்களும் இருந்தன. பத்தாயிரம் வீடுகளுக்கு 315; மற்றதற்கு 37.

பிராட் வீதிக் குழாய்க் கிணற்றின் கைபிடியைக் கழற்றிய கதையையே உலகம் சினோவின் பெயருடன் சேர்த்து நினைவிற் கொள்கிறது. கதைக்கு அது அழகானது. ஆனால் ஆட்சி செய்வோர் மனங்கொள்ளவேண்டியது தென் இலண்டனின் இக்கணக்கையே. ஏனெனில், சவுத்வார்க்–வொக்சோல் கொம்பனி சட்டத்தை மீறவில்லை. 1854-ஆம் ஆண்டு கோடையில் அதற்குப் பட்டர்சி நீரை விற்கும் உரிமை இருந்தது. பாராளுமன்றம் தந்த அவகாசம் முடிய இன்னும் ஓராண்டு இருந்தது. அந்த அவகாசம் எத்தனை உயிரின் விலை என்பதை 1852-இல் சட்டத்தை வரைந்தவர்கள் அறிந்திருக்க வழியில்லை. ஒரு வைத்தியரின் கால்நடையே அதைக் கணக்கிட்டுக் காட்டியது. சினோ 1858-இல் இறந்தார். தம் கருத்து முழுமையாக ஏற்கப்பட்டதை அவர் காணவில்லை.

நிபந்தனை எழுதியாயிற்று, அவகாசமும் முடிந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என எண்ணியவர்களுக்கு 1866-ஆம் ஆண்டு வேறு பாடம் கற்பித்தது. அவ்வாண்டு கோடையில் வாந்திபேதி நான்காம் முறையாக வந்தது. நகரின் மற்றப் பகுதிகளில் அது அடங்கியே இருந்தது. கிழக்கு இலண்டனில் மட்டும் சூறையாடியது. மரணப் பதிவுத் திணைக்களத்தில் பணியாற்றிய புள்ளிவிபர அறிஞர் வில்லியம் ஃபார், மரணங்கள் நிகழ்ந்த இடங்களை நோக்கினார். அவை கிழக்கு இலண்டன் நீர்க் கொம்பனியின் எல்லைக்குள்ளே அடங்கின. கொம்பனியின் பொறியியலாளர் சாள்ஸ் கிறீவ்ஸ், வடிகட்டாத நீர் ஒரு துளியேனும் மக்களுக்குக் கொடுக்கப்படவில்லை எனப் பத்திரிகைக்கு எழுதினார். அச்சில் வந்த அம்மறுப்பைப் படித்த வாடிக்கையாளர் சிலர், தமது வீட்டுக் குழாய்களில் விலாங்கு மீன் அகப்பட்டதைத் தெரிவித்தனர். வடிகட்டி மணலின் ஊடாக விலாங்கு வர இயலாது என்பதை விளக்க விஞ்ஞானி எவரும் தேவைப்படவில்லை.

வர்த்தக சபையின் சார்பில் கப்டன் டைலர் விசாரணை நடத்தினார். ஓல்ட் ஃபோட் என்னுமிடத்தில், லீ ஆற்றின் கரையில், கொம்பனிக்கு மூடிய தேக்கம் ஒன்றும் பழைய திறந்த தேக்கங்களும் இருந்தன. தேவை மிகுந்த நேரங்களில் திறந்த தேக்கத்து நீர் குழாய்களுக்குள் விடப்பட்டிருந்தது தெரியவந்தது. 1852-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடுத்திருந்தது. ஆனால் அச்சட்டம் நிறைவேற்றப்படுகிறதா என்று நாள்தோறும் போய்ப் பார்ப்பதற்கு ஓர் உத்தியோகத்தரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை. கொம்பனியின் சொல்லே சான்றாக இருந்தது. அவ்வாண்டு இலண்டனில் வாந்திபேதியால் இறந்த 5,500-க்கு மேற்பட்டோரிற் பெரும்பாலோர் கிழக்குப் பகுதியினர்; துறைமுகத் தொழிலாளரும் தையல் வேலை செய்தோரும் அவர்தம் குழந்தைகளும். அரச வைத்திய அதிகாரி ஜோன் சைமன், இக்கொம்பனிகளின் கையிலிருப்பது மக்களின் உயிர்மேலுள்ள அதிகாரம் என்பதைத் தம் அறிக்கையிற் கடுமையாகச் சுட்டினார்.

1871-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீர்ப் பரிசோதகர் ஒருவர் நியமிக்கப்பட்டார். இரசாயன அறிஞர் எட்வட் ஃபிராங்லண்ட் முன்னரே மாதந்தோறும் ஒவ்வொரு கொம்பனியின் நீரையும் பகுப்பாய்வு செய்து முடிவுகளை வெளியிட்டு வந்தார். எந்தக் கொம்பனியின் நீர் எத்தகையது என்பது பத்திரிகை படிப்போர் அனைவருக்கும் தெரிந்தது. அதன் பின்பு இலண்டனில் வாந்திபேதிக் கொள்ளைநோய் மீண்டும் வரவில்லை. கழிவுக் கால்வாய்களை அமைத்த பொறியியலாளர் பசல்கெட்டுக்கும் இதிற் பெரும்பங்கு உண்டு.

உயிருக்கு வந்த ஆபத்து நீங்கியதும், பணத்தைப் பற்றிய வழக்கு முன்னுக்கு வந்தது. கொம்பனிகள் நீரை அளந்து விற்கவில்லை. வீட்டின் ஆண்டுப் பெறுமதிக்கு இத்தனை வீதம் என்றே வசூலித்தன. நகரத்து வீடுகளின் பெறுமதி உயர உயர, ஒரு துளி நீர் அதிகம் கொடாமலே கொம்பனியின் வருமானம் ஏறியது. ஆண்டுப் பெறுமதி என்றால் மொத்த வாடகையா, அல்லது செலவு கழித்த நிகரப் பெறுமதியா என்பது சட்டத்திற் தெளிவாக இருக்கவில்லை. கொம்பனிகள் தமக்கு எது இலாபமோ அதையே பொருளாகக் கொண்டன. கிராண்ட் ஜங்சன் கொம்பனியின் வாடிக்கையாளரும் வழக்கறிஞருமான ஆர்ச்சிபால்ட் டொப்ஸ் இதை எதிர்த்து வழக்காடினார். கேட்கப்பட்ட மிகைத் தொகை அற்பமானது. ஆனால் வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. 1883-இல் நிகரப் பெறுமதியே சரி எனத் தீர்ப்பாயிற்று. நகரெங்கும் நீர் நுகர்வோர் பாதுகாப்புச் சங்கங்கள் தோன்றின. மக்களின் கணக்குப் புத்தகத்தை மக்களே படிக்கத் தொடங்கியது கொம்பனிகளுக்குப் பழக்கமில்லாத அனுபவம்.

நீர் வரும் நேரமும் பெருங்குறையாகவே நீடித்தது. நாளுக்கு ஓரிரு மணி நேரமே குழாயில் நீர் வரும். அதைத் தொட்டியிலோ பீப்பாயிலோ பிடித்து வைக்கவேண்டும். ஏழைகளின் முடுக்குகளில் பல குடும்பங்களுக்கு ஒரே குழாய். பிடித்து வைத்த நீர் தூசும் புகைக்கரியும் படிந்து கெடும். இடைவிடா நீர் வேண்டுமென்றால், ஒரு குழாய்வழியிலுள்ள வீட்டுக்காரரில் ஐந்தில் நான்கு பங்கினர் எழுத்திற் கேட்கவேண்டும் என 1852-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. ஐந்தில் நான்கு பங்கினரைத் திரட்டுவது யாரால் முடியும்? செய்ய மனமில்லாததைச் செய்வதாகக் காட்டும் வாசகங்கள் எல்லா நாட்டுச் சட்டங்களிலும் உண்டு. இது அவற்றுள் ஒன்று.

கொம்பனிகளை வாங்கிவிடுவதே வழி என 1880-இல் டிஸ்ரேலியின் உள்நாட்டமைச்சர் ரிச்சட் குரொஸ் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். பேசப்பட்ட விலை ஏறக்குறைய 3 கோடியே 30 இலட்சம் பவுண். செய்தி பரவியதும் கொம்பனிப் பங்குகளின் விலை எகிறியது. மக்களின் கோபமும் எகிறியது. தேர்தல் வந்தது, மசோதா மறைந்தது. பின்னர் 1895, 1896, 1898 ஆகிய ஆண்டுகளிற் கிழக்கு இலண்டனில் நீர்ப் பஞ்சம் ஏற்பட்டது. நாளுக்குச் சில மணி நேரமே நீர் கிடைத்தது. மேற்கே அயற் கொம்பனிகளிடம் நீர் இருந்தும், குழாய்கள் தேவையான அளவு இணைக்கப்பட்டிராமையால் அதைக் கிழக்கே கொண்டுவர இயலவில்லை. 1817-இல் இலாபத்துக்காகக் கீறிய எல்லைகள், எண்பது ஆண்டுகள் கழித்தும் நிலத்தின் கீழே சுவராக நின்றன. 1902-இல் மாநகர் நீர்ச் சட்டம் நிறைவேறியது. நான்கு கோடிப் பவுணுக்கு மேற்பட்ட பொறுப்பை ஏற்று, 1904-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் மாநகர் நீர்ச் சபை எட்டுக் கொம்பனிகளையும் பொறுப்பேற்றது. மிடில்டனின் புத்தாற்றுக் கொம்பனி நீர் விற்பனையிலிருந்து விலகியது அன்றுதான்.

கதை அங்கே முடிந்திருக்கலாம், முடியவில்லை. 1974-இல் அச்சபையின் பணியைத் தேம்ஸ் நீர் அதிகாரசபை ஏற்றது. 1989-இல் இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் பத்து நீர் அதிகாரசபைகளும் பங்குச் சந்தையில் விற்கப்பட்டன. ஏறக்குறைய 500 கோடிப் பவுண் கடனை அரசு அவற்றுக்குத் தள்ளுபடி செய்தது. இம்முறை அனுமதிப் பத்திரம் வெறுங்காகிதமாக இருக்கவில்லை. நீரின் தரம், அழுத்தம், கட்டண உயர்வு என யாவற்றையும் பற்றிப் பக்கம் பக்கமாக நிபந்தனைகள் எழுதப்பட்டன. விலையைக் கட்டுப்படுத்தத் தனியே ஒரு பணிப்பாளர், குடிநீரைப் பரிசோதிக்கத் தனியே ஓர் அலுவலகம், ஆறுகளைக் காக்கத் தனியே ஓர் அதிகாரசபை. 1817-ஐயும் 1854-ஐயும் 1866-ஐயும் கற்றவர்கள் எழுதிய பத்திரம் அது. ஆனால் எவர் எவ்வளவு கடன் வாங்கலாம், அக்கடனை எதற்குச் செலவிடலாம் என்பதைப் பற்றி அதில் எழுதப்பட்டவை சொற்பமே. கடனின்றித் தொடங்கிய தேம்ஸ் நீர்க் கொம்பனியின் தோளில் 2023-ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 1,500 கோடிப் பவுண் கடன் ஏறியிருந்தது. கழிவுநீரைத் தேம்சில் விட்டதற்காக 2017-இல் நீதிமன்றம் அதற்கு 2 கோடிப் பவுணுக்கு மேல் தண்டம் விதித்தது. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் கட்டுப்பாட்டு அலுவலகம் விதித்த தண்டம் 12 கோடியே 27 இலட்சம் பவுண். அதில் ஒரு பகுதி, தகுதியற்ற நேரத்திற் பங்குலாபம் வழங்கியமைக்காக.

அனுமதியை மீளப் பெறும் வாசகமும் அப்பத்திரத்தில் உண்டு. 1989-இல் அதற்குப் பத்தாண்டு முன்னறிவித்தல் போதுமாயிருந்தது. பின்னர் அது இருபத்தைந்து ஆண்டாக்கப்பட்டது. புத்தாற்றின் நீரோ, மிடில்டன் வெட்டிய வாய்க்காலில், ஸ்டோக் நியூவிங்டன் தேக்கங்கள் வரை இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.